எழுபது வருஷ பாக்கி

வாசகியின் கடிதம்:

வணக்கம் மேடம்.

எனக்கு 36 வயது. பிறந்து வளர்ந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் பாமணியாற்றங்கரையில் ஒரு கிராமம். இப்போது தஞ்சாவூரில் கணவர், ஒரு பையன், ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை என்று இருக்கிறேன். போன ஐப்பசியில் என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், இறந்துவிட்டார். கருமாதிப் பத்திரிகையில் வயது 88 என்று போட்டார்கள், அதுவும் உத்தேசம்தான். மேட்டூர் அணை திறந்து ரெண்டு வருஷம் கழித்துப் பிறந்ததாக அப்பாயி சொல்வார், அணை திறந்தது 1934 என்பதால் நாங்களாக 1936 என்று வைத்துக்கொண்டோம்.

கல்யாணச் சாவு என்று கொட்டும் வெடியுமாகத்தான் எடுத்தார்கள். பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் வரைக்கும் பார்த்துவிட்டார், படுக்கையில் கிடந்து கஷ்டப்படவில்லை, இதில் அழ என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெரிதாக அழவில்லை. எனக்கு வருவது அழுகை இல்லை மேடம், கோபம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வருகிற முதல் வருஷத் திதிக்குப் பெரியப்பா பேனர் வைக்கிறார், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகமும் அச்சடிக்கிறார். "நீதான் நல்லா எழுதுவ, அப்பாயியப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார், 'தியாகச் சுடர்'. எழுத உட்கார்ந்தால் "தன்னலம் அறியாதவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்பதற்கு மேல் ஓடவில்லை, அதை எழுதினாலும் அடித்துவிடத் தோன்றுகிறது.

ஏன் என்றால் நான் பார்த்த அப்பாயியின் நாள் இப்படித்தான் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, மாடு கறந்து, வயலுக்குப் போகிறவர்களுக்குப் பழையதும் துவையலும் எடுத்து வைத்து, அப்புறம் உலை, அப்புறம் மாட்டுக்குக் கழுநீர். குறுவை, தாளடி என்று அறுவடை வந்துவிட்டால் கொல்லையில் நெல் அவிப்பு. ராத்திரியெல்லாம் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் களத்தில் கொட்டிப் பரப்பி, வெயிலில் காலாலேயே கோடு கோடாக இழுத்துத் துழாவுவார், சாயங்காலம் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார், டக்கென்று உடைந்தால்தான் மில்லுக்கு வண்டி. தாத்தா காலத்தில் ஒரு வேலி (ஆறரை ஏக்கர் சொச்சம்) நிலம், மூன்று பிள்ளைகள், மூன்று பெண்கள், வந்துபோகிற ஜனம் என்று அத்தனைக்கும் ஆக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார். குழம்பு தீர்ந்திருந்தால் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். (அந்தச் சட்டிச்சோற்றுக்குப் பேரப்பிள்ளைகள் நாங்கள் அடித்துக்கொள்வோம், அது வேறு கதை.)

இதையே எழுதி அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அத்தை போன் போட்டு, "எங்கம்மாவ நாங்க பட்டினி போட்டோம்னு ஊருக்குச் சொல்லப் போறியா?" என்று சத்தம் போட்டது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நடந்ததைத்தானே எழுதினேன்? அந்த மனுஷிக்கு ஒரு நிலம் அவர் பெயரில் இல்லை, ஒரு நாள் லீவு இல்லை, வேளாங்கண்ணியும் திருவாரூர்த் தேரும்தான் அவர் போன வெளியூர். ஒரு ஜென்மம் அடுப்படியிலேயே போய்விட்டது. அதற்குச் சுடர் என்று பெயர் வைத்தால் எரிச்சல் வராதா?

அதற்காக அப்பாயி சாது என்று நினைத்துவிடாதீர்கள். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு ஜாடியைத் தொடக்கூட அப்பாயியைக் கேட்கணுமாம், அந்தச் சாவி அம்மா கைக்கு வந்தது அப்பாயிக்கு முழங்கால் போன பிறகுதான். கூலி நெல் அளக்கும்போது மரக்காலைக் குவிக்காமல் தலைதட்டித்தான் அளப்பார். பால் கணக்கைச் சமையல்கட்டு நிலைப்படியில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார், பால்காரர் ஒரு கோட்டை ஏமாற்ற முடியாது. கல்யாணமான வருஷம்தான் 1952 புயல், கூரை பறந்து, நனைந்த நெல்லை வாணலில் வறுத்துக் குத்திச் சாப்பிட்டதாகச் சொல்வார். அதனால் 2018-இல் கஜா வந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் நாங்கள் புலம்பியபோது அம்மியைக் கழுவிவிட்டு, "செல்லுல சார்ஜ் இல்லன்னா செத்தா போயிடுவீங்க?" என்று கேட்டார். 2023-இல் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்தது. வீட்டு வேலை பார்க்கிற பெண்களுக்கு அரசாங்கம் கொடுக்கிறது என்று நான்தான் விளக்கிச் சொன்னேன். திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், "அப்படின்னா எனக்கு எழுவது வருஷ பாக்கி இருக்கே, அத யாரு தர்றது?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி இருக்கிறார்கள். அப்பா அப்பாயியைப் பற்றிப் பேச்செடுத்தாலே "மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடி?" என்று பேச்சை மாற்றிவிட்டு போர்செட்டுக்குப் போய்விடுகிறார், இருட்டிய பிறகுதான் வருகிறார். அம்மாதான் ஆச்சரியம். அந்த மாமியாரிடம் அவ்வளவு பட்டவர், அப்பாயி கடைசியாக உருட்டிப் போட்ட வெங்காய வடகம் ஒரு பாட்டிலில் நாலைந்து உருண்டை கிடக்கிறது, அதைத் தாளிக்கவும் மாட்டேன் என்கிறார், யாரையும் தொடவும் விடுவதில்லை. என் கணவர் "88 வயசுக்கு இவ்வளவா?" என்கிறார். கூட வேலை பார்க்கும் பெண் ஒரு வீடியோ அனுப்பி, துக்கத்தில் ஐந்து கட்டம் உண்டு, நீ கோபக் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டாய் என்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், சிரிக்கவும் செய்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது வடகம் தாளித்தால் அன்று முழுக்க வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன்.

பத்து மாதம் ஆகியும் இப்படி இருப்பது நோயா? அந்த நாலு பக்கத்தை நான் எப்படி எழுதுவது?

பெயர் வேண்டாம் மேடம், எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள தோழி,

முதலில் நோயா என்ற கேள்வியை முடித்துவிடுவோம். 'நீடித்த துக்கம்' என்று ஒரு மனநலப் பாதிப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது, 2022-இல் நடைமுறைக்கு வந்த பட்டியல். அதில் குறைந்தது 6 மாதம் என்று கணக்கு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். இதைப் படித்துவிட்டு உடனே விரல் விட்டு எண்ணாதீர்கள், காலம் மட்டும் அளவுகோல் இல்லை. போனவரின் நினைப்பு நாள் முழுக்கப் பிடித்து ஆட்டி, சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் கெட்டு, உயிரோடு இருப்பதிலேயே அர்த்தம் இல்லை என்று தோன்றினால் அது வேறு. அப்படி உங்களுக்கோ, முக்கியமாக உங்கள் அப்பாவுக்கோ இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் செய்யலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அதெல்லாம் இல்லை. வடகம் வாசனைக்கு எரிந்து விழுவதற்கு மாத்திரை தேவையில்லை.

ஐந்து கட்டங்களை எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் எழுதினார், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதியது. இழந்துவிட்டு நிற்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டாகப் பிறகு அதை ஆக்கிவிட்டார்கள், இன்றைக்கு வீடியோக்களில் அதுதான் ஓடுகிறது. நீங்கள் எந்தக் கட்டத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை. உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் ஊர் சொல்வதைத்தான் சொல்கிறார். இறந்தவருக்கு வயது ஏற ஏற அழுகிறவருக்குப் பங்கு குறையும் என்று நாம் எழுதாத சட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். உண்மையில், 36 வருஷம் இருந்த ஒருவர் இல்லாமல் போனால் பழக வேண்டியதும் அந்த 36 வருஷத்துக்கு இருக்கும். கொட்டும் வெடியும் செத்தவருக்கான மரியாதை, இருக்கிறவர் வாயை அடைப்பதற்கு இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது ஒரு வரிதான், "ஒரு ஜென்மம் அடுப்படியிலேயே போய்விட்டது". இதை யார் பார்வையில் சொல்கிறீர்கள்? பெரியப்பா அவரைச் சுடர் ஆக்குகிறார், நீங்கள் அவரைப் பலிகடா ஆக்குகிறீர்கள். இரண்டிலுமே அந்த அம்மாள் வாயைத் திறப்பதில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே அவர் ரெண்டு இடத்தில் பேசுகிறார், ரெண்டு தடவையும் நறுக்கென்று பேசுகிறார். "எழுவது வருஷ பாக்கி இருக்கே" என்று கேட்டவருக்குத் தான் செய்தது வேலை என்றும் அதற்குக் கூலி வரவில்லை என்றும் தெரியாதா? உங்களுக்கு இன்றைக்கு வருகிற கோபத்தை அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையோடு மென்றுவிட்டார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், அவரும் சிரிக்கத்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் கணக்குத் தெரிந்த மனுஷி சொன்ன கணக்கு அது, பால்காரரிடம் ஒரு கரிக்கோட்டைக்கூட விட்டுக்கொடுக்காதவர்.

அந்தப் பாக்கி பொய்யும் இல்லை. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிஷம் அதற்குச் செலவிட்டார்கள், அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வந்த பிறகு எடுத்த கணக்கு இது, நெல் அவித்த காலம் இதில் வராது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அப்படி வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. உங்கள் அப்பாயி பாக்கி கேட்டதும் அதே வருஷம்தான். பெரிய இடத்தில் பல பக்கம் எழுதிச் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். இதை அந்த நாலு பக்கத்தில் போடாமல் வேறு எதைப் போடப் போகிறீர்கள்?

சட்டிச்சோற்றைப் பற்றி "அது வேறு கதை" என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். வேறு கதை இல்லை, அதே கதைதான். கடைசியில் சாப்பிட்டார் என்பது உண்மை. அந்தச் சட்டியைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் கையேந்தி உட்கார்ந்திருந்ததும் உண்மை. முதல் பாதியை மட்டும் அத்தைக்கு அனுப்பினால் அவர் காதில் அது மகள்மேல் வைக்கிற குற்றச்சாட்டாகத்தான் விழும், ஏனென்றால் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் எழுதியது தப்பென்று நான் சொல்லவில்லை, பாதி என்கிறேன். அத்தைக்குப் போன் செய்து சமாதானம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், அது இன்னொரு சண்டையில் போய் முடியும். "சட்டிச்சோறு யார் கைக்கு முதல் உருண்டை வரும் அத்தை, உங்க காலத்துல?" என்று மட்டும் கேளுங்கள். பேச ஆரம்பித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

அதே மாதிரி தலைதட்டிய மரக்கால். நடவுக்கும் அறுப்புக்கும் வந்த பெண்களில் ஒருவராவது ஊரில் இருப்பார். முடிந்தால் அவரிடமும் போய்க் கேளுங்கள். பேத்திக்குத் தெரிகிற அப்பாயி வேறு, அளந்த கூலியை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனவருக்குத் தெரிந்தவர் வேறு, அவர் சொல்வது கசப்பாகக்கூட இருக்கலாம். புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு மனுஷியை முழுதாக ஞாபகம் வைத்துக்கொள்வது என்றால் அவருடைய கெட்டிக்கை, கெடுபிடி, இடுப்புச் சாவி எல்லாம் சேர்ந்துதான். நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லி வைத்தால் ரெண்டு தலைமுறையில் படத்துக்குப் போட்ட மாலைதான் மிஞ்சும்.

அப்பாவை விட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் பணிபுரிந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது எனக்கு எப்போதும் உதவியாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போவார், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் வருவார், போய்ப்போய் வருவதுதான் இயல்பு, ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால்தான் கவலை. உங்கள் அப்பா வேலைப் பக்கத்தில் நிற்பது மாதிரி தெரிகிறது, ஆனால் போர்செட்டில் இருட்டும்வரை உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று. மேட்டூரில் எத்தனை அடி என்பது டெல்டாவில் அம்மாவும் பிள்ளையும் தினமும் பேசுகிற பேச்சு. ஜூன் 12-க்குத் தண்ணீர் விடுவார்களா, நாற்று விடலாமா என்று அதைச் சுற்றித்தான் உங்கள் வீட்டுச் சமையலும் ஓடியிருக்கும். அவர் பேச்சை மாற்றுகிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த முறை எத்தனை அடி என்று பார்த்துச் சொல்லிவிட்டு, "அப்பாயி இருந்தா என்ன சொல்லும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வற்புறுத்த வேண்டாம்.

பெரியப்பாவோடு தலைப்புக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். பேனர் அவருடையது. பேனர் வைப்பதைத் தவிர வேறு எப்படி அழுவது என்று அந்த வயது ஆண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் சுடர் என்றே இருக்கட்டும். உள்ளே இருக்கிற நாலு பக்கத்துக்கு மட்டும் தலைப்பு நீங்கள் வையுங்கள், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். 'அன்பானவர்', 'பாசமானவர்' போன்ற வார்த்தைகள் இல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பல்லில் கடித்த நெல், வாணலில் வறுத்த நெல், நிலைப்படிக் கரிக்கோடு, பாக்கி. எனக்கு எழுதிய கடிதத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

கோபத்தில் இன்னும் ஒரு பங்கு இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். நீங்களும் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார்? வடகம் வாசனை வந்த அன்று வீட்டில் இருக்கிறவர்கள்மேல் எரிந்து விழுகிறீர்களே, அதில் அப்பாயிக்காக எவ்வளவு, உங்களுக்காக எவ்வளவு? உங்களுக்காக உள்ளதைக் கணவரிடம் நேராகப் பேசலாம். யார் சமைப்பது, யார் பாத்திரம் விளக்குவது என்று பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்தான். செத்துப்போனவர் பேரில் சண்டை போட்டால் அது தீராது.

கடைசியாக உங்கள் அம்மா. கடிதத்தில் அவருக்குக் கொஞ்சம்தான் இடம் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அப்பாயியோடு ஒரே அடுப்படியில் அதிக காலம் நின்றவர் அவர்தான், பெற்ற பிள்ளைகளைவிட அவருக்குத்தான் அந்த மனுஷியைத் தெரியும். அவ்வளவு பட்டவர் ஏன் வடகத்தைக் காக்கிறார் என்று ஆச்சரியப்படாதீர்கள். கோபமும் பாசமும் ஒருவரிடமே வைத்திருந்தவர்களுக்கு இழப்பு இன்னும் சிக்கலாக இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வடகத்தை எடுங்கள் என்று அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். திதிப் படையலுக்கு வைக்கிற குழம்பில் ஒரு உருண்டையைத் தாளிக்கலாமா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பங்குனி வெயிலில் அடுத்த வடகத்துக்கு அளவு சொல்லப்போவது அவர்தான், அதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கெண்ணெய் எந்த நாளில் தடவ வேண்டும் என்பது உட்பட.

நாலு பக்கத்தையும் யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். திருத்தங்கள் சொல்வார், உப்பு ஜாடிக் கதையைப் போடணுமா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். ஒரே ஒரு வேண்டுகோள், அவர் அடுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது படிக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரிச் சமையலை உங்கள் கணவரும் பையனும் பார்த்துக்கொள்ளட்டும், அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.